மெட்ரோ ரயிலின் கணினி பழுதானால் என்ன ஆகும்?

இன்றைய புதிய மெட்ரோக்கள் பலவற்றில் ஓட்டுநர் கதவை மூடுவார், 'கிளம்பு' பொத்தானை அழுத்துவார், அவ்வளவுதான். எந்த வேகத்தில் போவது, எங்கே பிரேக் பிடிப்பது, பிளாட்பாரக் கதவுக்கு நேராக எப்படி நிற்பது என்பதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறது. லண்டன் விக்டோரியா லைனில் 1968-லேயே இது வந்துவிட்டது. பிரான்சின் லில் நகரத்தில் 1983-ல் திறந்த மெட்ரோவில் ஓட்டுநரே கிடையாது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டமும் ஓட்டுநர் இல்லாத ரயில்களுக்காகத்தான் கட்டப்படுகிறது.

ஆனால் கணினி என்றால் பழுதாகும். அட்டை சூடேறிக் கெட்டுப்போகும், நினைவகத்தில் ஒரு பிட் புரளும் (0 இருந்த இடத்தில் 1 வந்துவிடும்), சாலிடர் வைத்த இடம் விட்டுப்போகும், மென்பொருளில் யாரும் கவனிக்காத பிழை ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை நம்பி ஆயிரம் பேர் ஏறிய ரயிலை எப்படி ஒப்படைக்கிறார்கள்?

தன் எடையால் விழும் ரிலே

கணினி வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே ரயில்வேக்காரர்கள் இதே மாதிரிக் கேள்விக்கு ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்தான் அது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் போகாதபடி பிரித்துவிடுவார்கள். ஒரு துண்டின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே, அதாவது மின்சாரம் வந்தால் எழுந்து, நின்றால் விழும் மின்காந்த சுவிட்ச். ஒரு தண்டவாளம் வழியாகப் போகும் மின்சாரம் ரிலேயைத் தூக்கிப் பிடித்துவிட்டு இன்னொரு தண்டவாளம் வழியாகத் திரும்பும். ரிலே எழுந்திருந்தால் சிக்னல் பச்சை. ரயில் உள்ளே நுழைந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் ரிலே வரைக்கும் போகாமல் அச்சு வழியாகவே திரும்பிவிடுகிறது. ரிலே கீழே விழுகிறது, சிவப்பு எரிகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ரயில் இல்லாத நேரத்தில் நடப்பது. பேட்டரி தீர்ந்துபோனாலும் சிவப்பு. கம்பி அறுந்தாலும் சிவப்பு. தண்டவாளமே விரிசல் விட்டு உடைந்தாலும் பெரும்பாலும் சிவப்புதான். பச்சை எரிய வேண்டுமென்றால் அத்தனையும் ஒழுங்காக இருக்க வேண்டும். ரிலே விழுவதற்கு ஸ்பிரிங்கைக்கூட நம்பவில்லை, ஏனென்றால் ஸ்பிரிங் ஒருநாள் உடையும். புவியீர்ப்பு உடையாது. உலோக முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் ரிலே விழாதே என்று யோசித்து, ஒரு பக்கத்து முனையைக் கார்பனில் செய்தார்கள். பழுது வரும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு, வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இதன் அடிப்படை. இதைத்தான் ஃபெயில்-சேஃப் என்கிறார்கள். ரயிலுக்குப் பாதுகாப்பான பக்கம் என்றால் நிற்பது.

நின்றால் மட்டும் போதுமா?

ஊர்ப்புறத்தில் ஓடும் ரயில் ஒன்று சிவப்பைப் பார்த்து அரை மணி நேரம் நின்றால் பயணிகளுக்கு எரிச்சல் வரும், அதோடு சரி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் நகர மெட்ரோவில் கதை வேறு. சுரங்கத்துக்குள் ஒரு ரயில் பத்து நிமிடம் நின்றால் அதன் பின்னால் நாலைந்து ரயில்கள் நிற்கும். பிளாட்பாரங்களில் கூட்டம் அடைத்துக்கொள்ளும். ரயிலுக்குள் யாருக்காவது மயக்கம் வரும். பொறுமை இழந்தவர்கள் கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்கிவிடுவார்கள், சில மெட்ரோக்களில் அங்கே பக்கத்திலேயே மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் கிடக்கும்.

சிங்கப்பூரின் சர்க்கிள் லைனில் 2016-ல் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே ஓட்டுநர் இல்லாத ரயில்கள் ரேடியோ வழியாகப் பாதையோரக் கணினிகளோடு பேசிக்கொண்டே ஓடுகின்றன. இந்த மாதிரி அமைப்புகளில், குறிப்பிட்ட நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் 'எனக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை' என்று ரயில் தானாகவே அவசர பிரேக் போட்டுவிடும். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து ரயில்கள் காரணமே புரியாமல் இப்படி நின்றுகொண்டிருந்தன. ஒரே இடத்திலும் இல்லை, ஒரே ரயிலிலும் இல்லை. கடைசியில் நவம்பரில் அரசின் தரவு அறிவியலாளர்கள் சிலர், ஒவ்வொரு சம்பவமும் எந்த நேரத்தில் எந்த ஸ்டேஷனுக்கு அருகில் நடந்தது என்பதைப் புள்ளிகளாக வரைந்து பார்த்தார்கள். புள்ளிகள் சாய்கோடுகளாக நகர்ந்தன. பாதிக்கப்பட்ட ரயில்களுக்கு எதிர்த்திசையில், பக்கத்துப் பாதையில் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. பி.வி.46 என்ற ஒரே ரயில்தான் அது. அதன் சிக்னல் கருவி பழுதாகித் தப்பான அலைகளை வெளியிட்டு, தன்னைக் கடந்துபோகும் ரயில்களின் பேச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பழுதான அந்த ரயில் மட்டும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்ததால்தான் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

இதில் பாதுகாப்பு ஒரு நொடியும் தவறவில்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் ரயில்கள் நின்றன. ஆனாலும் ஒரு கருவியின் பழுது ஒரு லைனையே அலைக்கழித்தது.

இதைவிடக் கவலைக்குரியது, கணினி கைவிட்ட பிறகு நடப்பது. ஷாங்காய் மெட்ரோவின் 10-ஆம் லைனில் 2011 செப்டம்பர் 27 அன்று பிற்பகல் ஒரு ஸ்டேஷனில் சிக்னல் கருவிகளுக்கு மின்சாரம் போய்விட்டது. தானியங்கிப் பாதுகாப்பு இல்லாததால், ஊழியர்கள் தொலைபேசியில் பேசி 'அந்தப் பகுதி காலியா, அனுப்பலாமா' என்று கேட்டு ரயில்களை அனுப்பினார்கள். நாற்பது நிமிடம்கூட அப்படி ஓடியிருக்காது. முன்னால் ஒரு ரயில் நின்றுகொண்டிருப்பதைச் சரியாக உறுதி செய்யாமல் பின்னால் வந்த ரயிலுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். மோதலில் 270-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கணினி தப்பாக எதையும் சொல்லவில்லை, அது வெறுமனே அணைந்துபோனது. எப்போதோ ஒருமுறை மட்டும் கையில் எடுக்கும் மாற்று வழியில் மனிதர்கள் தடுமாறுவது இயல்பு.

அதனால் நகர மெட்ரோவுக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு வடிவமைப்பவர்களுக்கு இரண்டு கடமைகள். சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும். அதே சமயம் ஒரு சின்னப் பழுதுக்காக நிற்கவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. இரண்டையும் சேர்த்துச் சாதிப்பதைத்தான் பழுதைத் தாங்கும் அமைப்பு என்கிறோம்.

கணினிக்குச் சாயும் பக்கம் கிடையாது

ரிலேக்குக் கீழ்ப்பக்கம் என்று ஒன்று உண்டு. சிலிக்கன் சில்லுக்கு அப்படி எதுவும் இல்லை. அது பழுதானால் 0 என்று நிற்கலாம், 1 என்று நிற்கலாம், இரண்டுக்கும் நடுவில் துள்ளிக்கொண்டும் இருக்கலாம்.

சான்பிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயில் 1972 செப்டம்பர் 11 அன்று தொடங்கியது. தானியங்கிக் கட்டுப்பாட்டில் அன்றைக்கு உலகத்துக்கே முன்னோடி என்று பேசப்பட்டது. மூன்றே வாரத்தில், அக்டோபர் 2 அன்று, ஃப்ரீமாண்ட் கடைசி ஸ்டேஷனை நெருங்கிய ரயில் ஒன்று வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிக்கொண்டு போய், பாதை முடிந்த இடத்தையும் தாண்டி மணல் மேட்டில் பாய்ந்தது. ரயிலில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவியில் சீரான மின்துடிப்பை உண்டாக்கும் கிரிஸ்டல் ஆஸிலேட்டர் ஒன்று பழுதாகியிருந்தது. 'மெதுவாகப் போ' என்று பாதையிலிருந்து வந்த கட்டளையை அது 'வேகமாகப் போ' என்று எடுத்துக்கொண்டது. சிலர் காயத்தோடு தப்பினார்கள். இந்தக் கட்டுப்பாட்டு அமைப்பின் மேம்பாடும் சோதனையும் சரியில்லை என்று எச்சரித்த மூன்று பொறியாளர்களை அதே ஆண்டு மார்ச்சில் வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் கையை உயர்த்தும்போது காது கொடுக்காத நிறுவனத்தை எந்தத் தொழில்நுட்பத்தாலும் காப்பாற்ற முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

டிராக் சர்க்யூட்டிலும் எலக்ட்ரானிக்ஸ் நுழைந்த பிறகு இதே சிக்கல் வந்தது. வாஷிங்டன் மெட்ரோவில் 2009 ஜூன் 22 அன்று ஃபோர்ட் டாட்டன் அருகே, நின்றிருந்த ரயிலின்மேல் இன்னொரு ரயில் மோதி 9 பேர் இறந்தார்கள். அங்கே டிராக் சர்க்யூட்டின் எலக்ட்ரானிக் பகுதிகளில் யாரும் அனுப்பாத ஒட்டுண்ணி அலை ஒன்று தானாகவே உருவாகி, 'பாதை காலி' என்று சொல்லும் உண்மையான சமிக்ஞையைப் போலவே வேடம் போட்டது. நின்றிருந்த ரயில் கணினியின் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ராபின்சனின் எளிய பேட்டரியில் இப்படி ஒரு பழுது வந்திருக்க வழியில்லை.

மூன்றில் இரண்டு

சரி, ஒரு கணினியை நம்ப முடியாது. இரண்டு வைத்து ஒப்பிட்டால்? இரண்டும் ஒரே விடை சொன்னால் செயல்படு, வேறுபட்டால் நிற்பாட்டு. இது பாதுகாப்பானது. ஆனால் இரண்டில் எது பழுதானாலும் ரயில் நின்றுவிடும், அதாவது நிற்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. மூன்று வைத்தால் கதை மாறுகிறது. இரண்டு ஒத்துப்போனால் அதுவே விடை, மூன்றாவதை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்து ஓடலாம். கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் 1956-ல் இந்தப் பெரும்பான்மை வாக்கெடுப்பைக் கணித ரீதியாக ஆராய்ந்து வெளியிட்டார். பிராகில் 1957-ல் முடிந்த சாபோ என்ற கணினியில் கணக்குப் போடும் பகுதியையே மும்மடங்காக வைத்திருந்தார்கள்.

ஒரு ஸ்டேஷனின் சிக்னல் அறையில் இருக்கும் அலமாரிக்குள் எட்டிப் பார்ப்போம். மூன்று கணினி அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி, தனி நினைவகம், தனிக் கடிகாரம், தனி மின்வழங்கி. ஒவ்வொரு வினாடிக்குள்ளும் பலமுறை இவை ஒரே சுற்றைச் செய்கின்றன. முதலில் வெளியிலிருந்து தகவல் வாங்குகின்றன: எந்தப் பகுதியில் ரயில் இருக்கிறது, ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட் எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்பவை. இங்கேயே ஒரு நுணுக்கம் உண்டு. மூன்றும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. முதல் அட்டை வாசித்த பிறகு, இரண்டாவது வாசிப்பதற்குள் ரயில் அடுத்த பகுதிக்குள் நுழைந்திருக்கலாம். அப்போது யாருக்கும் பழுதில்லாமலே விடைகள் மாறும். அதனால் கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே 'நான் பார்த்தது இது, நீ பார்த்தது என்ன' என்று மூன்றும் பேசி, எந்த உள்ளீட்டை வைத்துக் கணக்குப் போடுவது என்று ஒத்துக்கொள்கின்றன. அப்புறம் தனித்தனியாகக் கணக்கு. பிறகு விடைகளை ஒப்பிடுகின்றன. ஒன்று மட்டும் மாறினால் மற்ற இரண்டும் சேர்ந்து அதன் வெளியீட்டைத் துண்டித்துவிடுகின்றன. அதன் பிறகு மிச்சமிருக்கும் இரண்டும் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும், அவற்றுக்குள்ளும் பேதம் வந்தால் எல்லாம் சிவப்பு.

வாக்கை எண்ணும் இடமே பழுதானால்? கடைசிப் படியில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பச்சைக்கான ரிலேயைத் தூக்க, கணினி வெறுமனே 1 என்று காட்டினால் போதாது. 1, 0, 1, 0 என்று விடாமல் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துடிப்பு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாகப் போய்த்தான் ரிலேயை அடைகிறது. மாறாத மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரைக் கடக்காது. ஆக, மென்பொருள் உறைந்து வெளியீடு 1-லேயே மாட்டிக்கொண்டால் துடிப்பு நின்றுபோகும், ரிலே விழும். அத்தனை கணினிகளுக்கும் கடைசியில் பழைய புவியீர்ப்பே காவல் நிற்கிறது.

சில தயாரிப்பாளர்கள் மூன்றுக்குப் பதிலாக நான்கு வைக்கிறார்கள், இரண்டு இரண்டாக. ஒரு ஜோடிக்குள் பேதம் வந்தால் அந்த ஜோடியே விலகிக்கொள்ளும், அடுத்த ஜோடி பொறுப்பெடுக்கும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு

மூன்று வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பது எளிது. ஆனால் பழுதான அட்டையை யாரும் மாற்றாமல் விட்டால் மூன்று என்பது ஒன்றைவிட மோசம்! ஓர் அட்டை சராசரியாக 12 ஆண்டுகளில் பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இருந்தால் அவற்றில் ஏதோ ஒன்று சராசரியாக 4 ஆண்டுகளிலேயே போய்விடும். மிச்சம் இரண்டில் ஏதோ ஒன்று இன்னொரு 6 ஆண்டுகளில். மொத்தம் 10 ஆண்டுகளில் அமைப்பு நின்றுவிடுகிறது. ஒற்றை அட்டையே 12 ஆண்டு வந்திருக்கும்.

முதல் பழுது வந்த உடனே அட்டையை மாற்றுவதில்தான் மும்மடங்கின் முழுப் பலனும் இருக்கிறது. அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டையைக் கழற்றி மாட்டலாம், புதிய அட்டை மற்ற இரண்டிடமிருந்தும் அந்தக் கணத்தின் நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாக்குரிமை பெறும். ஆனால் பழுதைத் தாங்கும் அமைப்பு பழுதை மறைக்கவும் செய்கிறது. ரயில்கள் வழக்கம்போல ஓடும், பயணிகளுக்கு எதுவும் தெரியாது, கண்ட்ரோல் ரூம் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை மட்டும் இருக்கும். 'ஓடத்தானே செய்கிறது, அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டால் மூன்று கணினிக்குச் செலவழித்த பணம் வீண். பராமரிப்பு ஆட்களைக் குறைத்துவிட்டுக் கருவியை மட்டும் கூட்டும் நிர்வாகங்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். ஓர் அட்டை ஒரு மணி நேரத்தில் பழுதாகும் வாய்ப்பு 10,000-ல் 1 என்று கொள்வோம், புரிந்துகொள்வதற்கான எண்தான். ஒரே மணி நேரத்தில் குறிப்பிட்ட இரண்டும் பழுதாகும் வாய்ப்பு 10 கோடியில் 1. மூன்று ஜோடிகள் சாத்தியம் என்பதால் 10 கோடியில் 3. மிகச் சிறிய எண். ஆனால் இது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழுதானால் மட்டும்தான். நூறு பழுதில் ஒன்று எல்லா அட்டைகளையும் ஒரேயடியாகத் தாக்கும் வகை என்றால்? அந்த வாய்ப்பு 10 லட்சத்தில் 1. முந்தைய எண்ணைவிட முப்பது மடங்குக்கும் மேல். அதாவது, மூன்று கணினிகளையும் பார்த்துப் பார்த்துச் செய்தது ஒரு பக்கம் இருக்க, அமைப்பின் தலையெழுத்தை முடிவு செய்வது அந்த நூறில் ஒன்றுதான். உயிர்காக்கும் சிக்னல் கருவிக்கு ஐரோப்பியத் தரம் கேட்பது, ஆபத்தான பழுது 10 கோடி மணி நேரத்தில் ஒருமுறைக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று. ஏறக்குறைய 11,400 ஆண்டுகள். கணினிகளின் எண்ணிக்கையைக் கூட்டி மட்டும் அங்கே போய்ச் சேர முடியாது. அவற்றைச் சேர்ந்து விழவைக்கக்கூடியது எது என்று தேட வேண்டும்.

சேர்ந்து விழுவது எப்படி?

மின்சாரம்தான் முதல் சந்தேகம். கனடாவின் வான்கூவர் ஸ்கைட்ரெயின் 1985 டிசம்பரில் திறக்கப்பட்டது, ஓட்டுநர் இல்லாத மெட்ரோக்களில் மூத்தவற்றில் ஒன்று. 2014 ஜூலை 21 அன்று அதன் கட்டுப்பாட்டு மையத்தில், விரிவாக்க லைனுக்காக ஒரு புதிய சர்க்யூட் பிரேக்கரைப் பொருத்திக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தவறுதலாக முதன்மை பிரேக்கரை இறக்கிவிட்டார். கணினிகள் அணைந்தன, ரயில்கள் பாதையிலேயே நின்றன, சேவை பல மணி நேரம் முடங்கியது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு பயணிகள் உயரமான பாதையில் நடந்தார்கள். அத்தனை கணினிகளுக்கும் மேலே ஒரே ஒரு பிரேக்கர் இருந்தது.

வெப்பம், தண்ணீர், எலி கடித்த கேபிள், மின்னல் எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். அவற்றைத் தனி அறை, தனிப் பாதையில் கேபிள், தனி யு.பி.எஸ். என்று பிரித்துவைத்துச் சமாளிக்கலாம். மென்பொருளை அப்படிப் பிரிக்க முடியாது. மூன்று அட்டையிலும் ஓடுவது பெரும்பாலும் ஒரே நிரல். ஒரே நோட்டைப் பார்த்து எழுதிய மூன்று மாணவர்களும் ஒரே தப்பைத்தான் எழுதுவார்கள், வாக்கெடுப்பில் அந்தத் தப்பு ஏகமனதாக வெற்றி பெறும்.

பாரிஸ்காரர்கள் இதற்கு வேறு திசையில் பதில் தேடினார்கள். 1989-ல் அங்கே ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் ஏ லைனில் வந்த சாசெம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பில் பாதுகாப்புக் கணக்கைச் செய்தது ஒற்றைச் செயலிதான். ஆனால் அதற்குள் ஒவ்வொரு எண்ணும் தன்னோடு ஒரு ரகசியக் குறியீட்டையும் சுமந்துகொண்டு போகும். இரண்டு எண்களைக் கூட்டினால் குறியீடுகளும் ஒரு விதிப்படி கூடும். நினைவகத்தில் ஒரு பிட் புரண்டாலோ, செயலி ஒரு கட்டளையைத் தாண்டிவிட்டாலோ, பழைய மதிப்பை எடுத்துவிட்டாலோ கடைசியில் வரும் குறியீடு பொருந்தாது. வெளியே இருக்கும் ஒரு எளிய மின்சுற்று அதைக் கண்டுபிடித்து ரிலேயை விழவைத்துவிடும். 1998 அக்டோபரில் திறந்த பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் லைனில் இன்னொரு படி ஏறினார்கள். ஜான்-ரேமோன் அப்ரியால் உருவாக்கிய, நிரலைக் கணிதமாக எழுதிச் சரிபார்க்கும் 'பி' (B) முறையைக் கையாண்டு, 'இரண்டு ரயிலுக்கு ஒரே இடத்தில் அனுமதி கிடைக்கவே கூடாது' போன்ற விதிகளைக் கணித வாக்கியங்களாக எழுதி, நிரல் அவற்றை மீறாது என்பதைத் தேற்றம் நிறுவுவது போல நிறுவினார்கள். சோதித்துப் பார்ப்பது, சோதித்த சூழ்நிலைகளுக்கு மட்டும்தான் உத்தரவாதம். நிரூபணம் எல்லாச் சூழ்நிலைக்கும். விதியையே தப்பாக எழுதியிருந்தால் நிரூபணமும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான முயற்சி இதுதான் என்பது என் கருத்து.

ஹாங்காங்கின் மூன்றாவது கணினி

2019 மார்ச் 18 அதிகாலை, மூன்று மணிக்குச் சற்று முன்பு. ஹாங்காங் மெட்ரோவின் சுன் வான் லைனில் வழக்கமான சேவை முடிந்துவிட்டது. புதிய சிக்னல் அமைப்புக்கு ஒத்திகை நடக்கிறது, பயணிகள் யாரும் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே ரயில்கள் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குறுக்குப் பாதையில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ரயில்களில் இருந்த ஓட்டுநர்களை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சேதமான பெட்டிகளை எடுத்து அந்தப் பகுதியில் சேவையைத் திரும்பத் தொடங்க இரண்டு நாள் ஆனது.

அந்தப் பகுதியைக் கட்டுப்படுத்த மூன்று கணினிகள் இருந்தன. முதன்மைக் கணினி ஒன்று. அதன் ஒவ்வொரு அசைவையும் உடனுக்குடன் நகலெடுத்துக்கொண்டு, எந்த நொடியும் பொறுப்பேற்கத் தயாராக இருக்கும் இரண்டாவது ஒன்று. இரண்டும் ஒரே தகவலை வைத்திருப்பதால், ஒன்றை விழவைத்த மென்பொருள் பழுது இன்னொன்றையும் விழவைக்கலாம் அல்லவா? மேலே பார்த்த அதே ஆபத்துதான். வடிவமைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதற்காகவே மூன்றாவது கணினியைச் சேர்த்தார்கள். முன்னவற்றின் நோய் தொற்றக் கூடாது என்பதால் அதற்கு எல்லாத் தகவலையும் கொடுக்கவில்லை, தேவையானது மட்டும். மிச்சத்தை அது பொறுப்பேற்கும்போது தானே புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படி உருவாக்கிக்கொள்ள வேண்டியவற்றில் ஒன்று, மோதல் பகுதி பற்றிய விவரம். குறுக்குப் பாதையில் இரண்டு தடங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்கு மட்டும் அனுமதி என்று பூட்டு போடுவது அதுதான். மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் மூன்றாவது கணினிக்குள் அந்த விவரம் உருவாகவே இல்லை. அன்றைய ஒத்திகையே, முதல் இரண்டும் விழுந்தால் மூன்றாவது எப்படிப் பொறுப்பேற்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். அது பொறுப்பேற்றது. அதன் பார்வையில் அங்கே மோதல் பகுதி என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு ரயிலுக்கும் 'வா' என்று சொல்லிவிட்டது.

இந்தச் சம்பவத்தைப் படித்து நான் நீண்ட நேரம் யோசித்திருக்கிறேன். வடிவமைப்பாளர்களின் காரணம் தப்பில்லை. சேர்ந்து விழும் ஆபத்தைக் கண்டார்கள், அதற்கு ஒரு மாற்று வைத்தார்கள். ஆனால் அந்த மாற்று ஒரு புதிய கணத்தை உண்டாக்கியது: பொறுப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் கணம். ஆண்டுக்கணக்கில் ஓடிப் பழகிய முதன்மைக் கணினியின் ஒவ்வொரு வரியும் தினமும் சோதனைக்கு உள்ளாகிறது. கைமாற்றும் நிரல் எப்போதோ ஒருமுறைதான் ஓடும், அதனால் அதில் இருக்கும் பிழை அதிக நாள் ஒளிந்திருக்கும். மாற்று அமைப்பைப் பரிசோதிப்பதற்கு முதன்மை அமைப்பைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். நடைமுறையில், திறப்பு விழா நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த நேரம்தான். ஹாங்காங்கில் அந்த ஒத்திகையை நள்ளிரவுக்குப் பிறகு, பயணிகள் இல்லாமல் செய்தார்கள். உண்மையான பழுது ஒருநாள் காலை நெரிசலில் வந்து, மூன்றாவது கணினி முதல்முறையாக அப்போது பொறுப்பேற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ரயிலுக்குள்ளும் இதே ஏற்பாடு சின்ன அளவில் உண்டு. பல ரயில்களில் முன் முனையிலும் பின் முனையிலும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும், ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். சக்கரத்தின் சுழற்சியை எண்ணி ரயில் தான் எங்கே இருக்கிறது என்று கணக்கிடும். ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் அந்தக் கணக்கு தப்பும் என்பதால் ரேடார் போன்ற வேறொரு வகைக் கருவியையும் துணைக்கு வைப்பார்கள், தண்டவாளத்தின் நடுவே பதித்த அடையாளக் கருவிகளைக் கடக்கும்போதெல்லாம் கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். ஒரே வகையில் இரண்டு வைப்பதைவிட வெவ்வேறு வகையில் இரண்டு வைப்பது எப்போதும் மேல்: ஒரே காரணத்தால் இரண்டும் ஏமாறாது.

இத்தனையும் தாண்டி ரயிலின் இரண்டு கணினிகளும் விழுந்துவிட்டால்? ஓட்டுநர் இல்லாத ரயில்களிலும் முன்பக்கத்தில் பூட்டிய மூடிக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டுநர் மேசை இருக்கும். பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அருகிலிருக்கும் ஸ்டேஷனிலிருந்து ரயில் வரைக்கும் வந்து, மூடியைத் திறந்து, கட்டுப்பாட்டு மையத்தோடு பேசிக்கொண்டு குறைந்த வேகத்தில் அடுத்த பிளாட்பாரம் வரை ஓட்டிவருவார். சென்னையில் ஓட்டுநர் இல்லாத ரயில்கள் ஓடத் தொடங்கும்போது, எத்தனை ஸ்டேஷனுக்கு ஒருவர் வீதம் அப்படிப்பட்ட ஊழியர்கள் இருப்பார்கள், அவர்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அந்த மேசையைத் திறந்து ஓட்டிப் பழகுவார்கள் என்பதைப் பயணிகளான நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.